ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு புத்தகம்: எழுத உட்காரும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊர்க் கண்மாயைப் பற்றி விரிவாக எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் முப்பது, நாற்பது பக்கம் எழுதிவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார்கள். விஷயம் தீர்ந்து போய் நிறுத்துவதில்லை. குவிந்து கிடக்கும் விஷயத்தில் எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிறுத்துகிறார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, அந்தத் தடுமாற்றத்துக்கான பதில்களை இங்கே தந்திருக்கிறோம். ஏரி, குளம் என்று சொல்லும் ஊர்க்காரர்களுக்கும் இவை பொருந்தும்.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

முதல் முயற்சிக்கு 20,000 சொல் போதும். டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 220 சொல் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 90 முதல் 100 பக்கம். முன்னுரை, வரைபடம், படங்கள் சேர்ந்து 112 பக்கம் வரும். அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு பாரமாகக் கணக்கிடுவார்கள். 112 பக்கம் சரியாக 7 பாரம்.

நீளத்தை முன்னாலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 20,000 சொல் என்றால் 8 பகுதி, பகுதிக்கு 2,500 சொல். ஒரு பகுதியை நிரப்ப 15 முதல் 20 குறிப்புச் சீட்டு (ஒரு விஷயத்துக்கு ஒரு துண்டுத் தாள்) வேண்டும். மொத்தம் 120 முதல் 160 சீட்டு. மூன்று மாதம் அலைந்தும் 40 சீட்டுதான் சேர்ந்தது என்றால், உங்கள் கையில் இருப்பது 5,000 சொல் கட்டுரைக்கான சரக்கு. அதை இழுத்து 100 பக்கமாக்க வேண்டாம். இறுக்கமான ஒரு கட்டுரையாகவே எழுதி முடித்துவிடுங்கள்.

'எங்கள் ஊர்க் கண்மாய்' என்று தலைப்பு வைத்துவிட்டேன். அடுத்து?

அது இன்னும் தலைப்பாகவே இருக்கிறது. அதைக் கேள்வியாக்க வேண்டும். தலைப்பு மட்டும் இருந்தால் எல்லாத் தகவலும் உள்ளே வந்துவிடும்: கரையில் இருக்கும் அய்யனார் கோயில், மீன் ஏலம், பள்ளி நாளில் நீந்தியது, சீமைக்கருவேலம், பறவைகள், பக்கத்து ஊர்ச் சண்டை. எதையும் வேண்டாமென்று ஒதுக்கக் காரணம் இருக்காது. கேள்வி இருந்தால் ஒவ்வொரு தகவலையும் நிறுத்தி, 'நீ இதற்கு என்ன பதில் சொல்கிறாய்?' என்று கேட்கலாம்.

ஒரு மாதிரிக் கேள்வி: கண்மாய் பெருகிய வருஷத்திலும் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் போய்ச் சேரவில்லை? கடைமடை என்பது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்கள். இந்தப் பக்கம் முழுக்க இந்தக் கேள்வியையே கையில் வைத்துக்கொள்வோம்.

நல்ல கேள்வி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று சோதனை. ஒன்று, ஊரில் இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வர வேண்டும். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் புத்தகம் எழுத அதில் ஒன்றுமில்லை. இரண்டு, பதில் தேட எங்காவது போக வேண்டியிருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடக் கூடாது. மூன்று, ஓர் ஆள் தேடி முடிக்கிற அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். 'தமிழகத்தின் நீர் மேலாண்மை ஏன் சீர்குலைந்தது?' என்பது மூன்றாம் சோதனையிலேயே விழுந்துவிடும். அதற்கு ஓர் ஆளின் ஆயுள் போதாது.

திட்டத்தாள் என்று ஒன்று எழுத வேண்டுமா? அதில் என்ன இருக்க வேண்டும்?

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு நூலின் சிறப்புப்பாயிரம், அதாவது அந்த நூலுக்கான முன்னுரை, எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். பாயிரம் நூல் முடிந்த பிறகு எழுதி முன்னால் வைப்பது. அதே எட்டையும் எழுதும் முன்பே நிரப்பிப் பாருங்கள். அருமையான திட்டத்தாள் ஆகிவிடும்.

நுதலிய பொருள்: உங்கள் கேள்வி. கேட்போர்: ஊர் இளைஞரா, வெளியூர் வாசகரா? இளைஞருக்கு என்றால் 'மறுகால்' என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். சென்னை வாசகருக்கு என்றால் கண்மாய் நிரம்பி மிச்ச நீர் கலுங்கு (அதற்கென்று கட்டிய வழி) வழியே வெளியேறுவது என்று முதல் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வழி: எந்தச் சான்றுகளை நம்பி எழுதுகிறீர்கள். எல்லை என்பதற்கு நூல் வழங்கும் நிலம் என்பது பழைய பொருள். உங்கள் தாளில் அதைக் கால எல்லையாகவும் இட எல்லையாகவும் வைத்துக்கொள்ளலாம்: 1948 முதல் இன்று வரை, வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்) தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த கண்மாய் வரை. யாப்பு என்ற இடத்தில் பகுதிகளை எந்த வரிசையில் தொடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். இந்த ஒன்றை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். நாலைந்து முறை மாறும்.

தகவல் எங்கெல்லாம் கிடைக்கும்?

முதலில் கண்மாயிலேயே. மே, ஜூனில் வறண்டு கிடக்கும்போது ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நவம்பர், டிசம்பரில் ஒருமுறையும் கரையை முழுக்க நடந்து பாருங்கள். வறட்சியில்தான் மடையின் உள்வாய்ப் பக்கமும் மண் மேடிட்ட அளவும் தெரியும். நீர் நிற்கும்போதுதான் எந்த மடையில் கசிகிறது, எந்த வாய்க்கால் எங்கே தடைபடுகிறது என்பது தெரியும். ஒருமுறை மட்டும் பார்த்து எழுதுவதால்தான் பல பிழைகள் வருகின்றன.

அடுத்து நில ஆவணங்கள். கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு மூன்றும் வேண்டும். வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் போகிறது, அது புறம்போக்கா பட்டாவா என்பதை அ-பதிவேடு சொல்லும். கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை அரசின் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். பராமரிப்புச் செலவுக் கணக்கு வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'கண்மாய் பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்காதீர்கள். 'இந்தக் கண்மாயின் மடைகளைப் பழுதுபார்க்க இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை செலவான தொகை, ஆண்டுவாரியாக' என்று கேட்டால்தான் பயன்படும் பதில் வரும்.

வருவாய் ஆவணங்களில் பசலி ஆண்டு போட்டிருக்கும். அதனோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஜூலை 1-ல் தொடங்கும். பசலி 1358 என்றால் 1948 ஜூலை முதல் 1949 ஜூன் வரை. இதைக் கவனிக்காமல் எழுதினால் ஒரு வருஷம் முன்னே பின்னே ஆகி, மழைக் கணக்கும் விளைச்சல் கணக்கும் பொருந்தாமல் போகும்.

பழைய ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வீட்டிலிருந்தே பார்க்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கோயில் சுவரில் கல்வெட்டு இருந்தால் நீங்களாகப் படித்துப் பொருள் சொல்ல வேண்டாம். தொல்லியல் துறை வெளியிட்ட பாடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெரியவர்களிடம் பேசினால் ஆண்டு சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்களே?

'எந்த வருஷம்?' என்று கேட்டால் யாருக்குமே வராது. தெரிந்த நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். 'தனுஷ்கோடி அழிஞ்ச புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்றால் 1964 டிசம்பர் ஓர் எல்லையாகிவிடும். 'எம்.ஜி.ஆர். இறந்தப்போ மடை ஷட்டர் போட்டிருந்தாங்களா?' என்றால் 1987 டிசம்பர். பேசுகிறவரின் மகள் கல்யாணம், வீட்டுக்குக் கரண்டு வந்தது, முதல் பம்புசெட் இறக்கியது என்று குடும்பத்துக்குள்ளேயே முடிச்சுகள் கிடைக்கும்.

ஒரே ஆளிடம் இரண்டு முறை பேசுங்கள். முதல் தடவை பொதுவாகப் பேசுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சீட்டு எழுதி, இடைவெளி எங்கே என்று பார்த்துவிட்டு மறுபடி போனால்தான் கணக்கு வரும்: எத்தனை மரக்கால், எத்தனை நாளுக்கு ஒருமுறை முறைத்தண்ணீர், எத்தனை பேர். மரக்கால், கோட்டை போன்ற அளவுகள் ஊருக்கு ஊர் மாறும். 'உங்க ஊர் மரக்காலுக்கு எத்தனை படி?' என்று கேட்டுக்கொள்ளாமல் கிலோவாக மாற்றாதீர்கள்.

மேல்மடைக்காரர், கடைமடைக்காரர், நிலமில்லாமல் கூலி வேலை செய்தவர் என்று மூன்று தரப்பிலும் பேச வேண்டும். பெண்களிடமும் தனியாகப் பேசுங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் எந்த வயலில் எந்த வாரம் நீர் நின்றது என்பது அவர்கள் கால் அறிந்த கணக்கு.

குறிப்புச் சீட்டை எப்படி எழுதுவது? நோட்டுப் புத்தகம் போதாதா?

நோட்டில் எழுதினால் கிடைத்த வரிசையிலேயே தகவல் கிடக்கும். அதை மாற்ற முடியாது. திட்டமிடுவதே வரிசையை மாற்றிப் பார்ப்பதுதான். அதனால் தனித் தனிச் சீட்டு. ஒரு சீட்டில் ஒரே விஷயம். ஏ4 தாளை நான்காகக் கிழித்தாலே போதும். ஒரு மாதிரி (நீர்பாய்ச்சி என்பவர் மடையைத் திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர்):

*நீர்பாய்ச்சி – கூலி*
*சொன்னவர்: தெற்குத் தெரு, 78 வயது, கடைமடையில் 40 சென்ட். இரண்டாம் சந்திப்பு.*
*களத்தில் நெல்லைத் தூற்றியதும், வீட்டுக்கு அள்ளும் முன்பே நீர்பாய்ச்சிக்கு அளந்துவிடுவார்கள். விளையாத வயலுக்குக் கூலி கிடையாது.*
*ஐயம்: அப்படியானால் கடைமடை காய்ந்தால் நீர்பாய்ச்சிக்கும் நட்டமா?*
*இடம்: மடை?*

நான்காவது வரியைப் பாருங்கள். தகவலை எழுதிய கையோடு எழுந்த ஐயத்தையும் எழுதியதால் ஒரு புதுக் கருத்து பிறந்துவிட்டது. நீர்பாய்ச்சியின் வருமானம் கடைசி வயல் வரை விளைவதைப் பொறுத்து இருந்தது. ஆகவே கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோவதில் அவருக்கே அக்கறை இருந்திருக்கும். கருத்து வளர்வது இப்படித்தான். தகவலுக்கு அடியில் 'அப்படியானால்' என்று ஒரு வரி எழுதாத சீட்டு பெரும்பாலும் வெறும் செய்தியாகவே நின்றுவிடும்.

ஒரு வரிக் கருத்தைப் பத்துப் பக்கமாக எப்படி வளர்ப்பது? நீட்டி முழக்குவதாக ஆகாதா?

வெறும் அடைமொழியாலும் பொது வசனத்தாலும் வளர்த்தால் ஆகும். கேள்வியால் வளர்த்தால் ஆகாது. 'நீர்பாய்ச்சி இல்லாமல் போனதால் பங்கீடு கெட்டது' என்ற வரியை எடுத்துக்கொள்வோம்.

நீர்பாய்ச்சி என்பவர் யார், உங்கள் ஊரில் அவருக்கு என்ன பெயர் (சில ஊரில் நீர்க்கட்டி, சில ஊரில் மடையர்)? அந்த வேலை பரம்பரையா, ஊர்க்கூட்டம் நியமித்ததா? ஒரு நாளில் அவர் செய்த வேலை என்ன: விடியும் முன் எந்த மடைக்குப் போனார், எந்த வயலில் வாய்மடை வெட்டினார், அடைக்க மண்ணும் புல்லும் எங்கே எடுத்தார்? கூலி எப்படி? கடைசி நீர்பாய்ச்சி எப்போது நிறுத்தினார், ஏன்? அதன் பிறகு மடையைத் திறந்தது யார்? இத்தனைக்கும் பதில் எழுதினால் 1,500 சொல் தானாக வந்துவிடும். அதில் ஒரு சொல்லும் உபரி இல்லை.

இத்தோடு நிறுத்தாதீர்கள். எதிர்ச்சான்றையும் தேட வேண்டும். இன்னும் நீர்பாய்ச்சி இருக்கிற பக்கத்து ஊரில் கடைமடை விளைகிறதா? அங்கேயும் காய்ந்தால் உங்கள் காரணம் பாதிதான் சரி. வாய்க்கால் ஆக்கிரமிப்போ, மடைப் பழுதோ, மேல்மடையில் பயிர் மாறியதோ கூட இருக்கலாம். இந்த இடம்தான் நூலின் உயிர். காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகிற எழுத்துக்கும், காரணத்தைச் சோதித்துப் பார்க்கிற எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் வாசகருக்கு உடனே தெரியும்.

எந்த வரிசையில் எழுதுவது? சங்க காலத்திலிருந்து தொடங்கினால் நன்றாக இருக்குமா?

பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பெரும்பாலோர் அங்கேயே நின்றும் போகிறார்கள். ஒரு சிற்றூர்க் கண்மாய்க்குப் பெரும்பாலும் கடந்த நூற்றைம்பது ஆண்டுக்குள்தான் சான்று கிடைக்கும். அதற்கு முந்தியதை எழுதப் போனால், உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறதே என்று அதை எடுத்துப் போடுவீர்கள். அந்தச் செய்தி உண்மை; பராந்தகச் சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. ஆனால் அது உங்கள் கண்மாயின் வரலாறு அல்ல. முதல் 20 பக்கம் வேறு ஊர்களின் கதையாகிவிடும்.

இரண்டு வரிசைகள் இதைவிட நன்றாக நிற்கும்.

ஒன்று, நீர் போகும் வழி. வரத்துக்கால், உள்வாய் (நீர் நிற்கும் உட்பரப்பு), கரை, மடை, வாய்க்கால், மேல்மடை வயல், கடைமடை வயல், கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய். எட்டுப் பகுதி தானாகவே கிடைத்துவிட்டது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஆள், ஒரு ஆவணம், ஒரு சிக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரைப் பார்க்காத வாசகரும் வழி தவறாமல் கூடவே நடந்து வருவார். இதில் ஒரு குழி இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்து கண்மாய் அரசின் கைக்குப் போனது கரையிலும் வரும், மடையிலும் வரும், கலுங்கிலும் வரும். மூன்று இடத்திலும் விளக்கினால் சலித்துவிடும். பராமரிப்புப் பொறுப்பு மாறியது எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த ஓரிடத்தில் விரிவாகச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் ஒரு வரி போதும்.

இன்னொன்று, காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது. மழை குறைந்ததா? வரத்து அடைபட்டதா? மண் மேடிட்டதா? மடை கெட்டதா? ஆள் இல்லாமல் போனதா? ஒவ்வொரு பகுதியும் ஒரு காரணத்தை எடுத்து, சான்றை வைத்து ஏற்கும் அல்லது தள்ளும். துப்பறியும் கதைபோல இழுத்துக்கொண்டு போகும். மழை குறைந்ததா என்பதற்கு 'முன்ன மாதிரி மழை இல்ல' என்ற பேச்சை மட்டும் நம்பாமல் மாவட்டப் புள்ளியியல் கையேடுகளில் மழையளவைப் பாருங்கள். இந்த வரிசையில் வலுவான காரணத்தை முதலில் வைத்துவிட்டால் பிறகு வாசகருக்கு வேலையிருக்காது. எல்லாரும் நம்புகிற, ஆனால் சான்று நிற்காத காரணத்தை முதலில் வையுங்கள்.

எங்களைக் கேட்டால், முதல் புத்தகத்துக்கு நீர் போகும் வழியையே சொல்வோம். தகவல் சற்றுக் குறைந்தாலும் அது தாங்கும். காரண வரிசையில் ஒரு காரணத்துக்குச் சான்று இல்லையென்றால் மொத்தமும் ஆடிவிடும்.

வரிசை சரியா என்று எழுதாமலே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். சீட்டுகளைத் தரையில் எட்டுக் கட்டாகப் பரப்புங்கள். ஒரு கட்டில் 35, இன்னொன்றில் 4 என்று இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு: நாலு சீட்டுப் பகுதி இன்னொன்றோடு சேர வேண்டும், அல்லது அங்கே இன்னும் போகவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். 'மடை' என்று எழுதினால் போதாது. 'மடைக்கு இரும்பு ஷட்டர் வந்த பிறகு திறக்கும் சாவி யாரிடம் என்பதே தகராறாயிற்று' என்பதுபோல. எட்டு வாக்கியத்தையும் வரிசையாக வாசியுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 'ஆகவே', 'ஆனால்' என்று போட முடிந்தால் வரிசை சரி. எல்லா இடத்திலும் 'மேலும்' என்றுதான் போட முடிகிறது என்றால் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, இணையவில்லை.

நடுவில் வந்து நின்றுவிட்டது. என்ன கோளாறு?

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் நான்கு இங்கே நேரடியாக உதவும். எழுதியவரைக்கும் வாசித்து எது என்று பாருங்கள்.

*குன்றக் கூறல்*: சான்று போதாமல் அவசரமாகத் தாண்டியது. மருந்து மறுபடி களத்துக்குப் போவதுதான். மேஜையில் உட்கார்ந்து சரியாகாது. *கூறியது கூறல்*: ஒரே சீட்டை இரண்டு பகுதிக்குப் பயன்படுத்தியது. பயன்படுத்திய சீட்டில் பகுதி எண்ணை எழுதிக் குறுக்குக் கோடு போடும் பழக்கம் இருந்தால் இது வராது. *மற்றொன்று விரித்தல்*: மீன் ஏலத்தைச் சொல்லப் போய் ஏலச் சண்டை 10 பக்கம் ஆனது. வெட்டி எறிய வேண்டாம். 'வேறு கட்டுரை' என்று ஓர் உறையில் போட்டு வையுங்கள். *சென்று தேய்ந்து இறுதல்*: தொடக்கம் செழிப்பாகவும் கடைசி இரண்டு பகுதி பலவீனமாகவும் இருப்பது. நல்ல சீட்டுகளை எல்லாம் முன்னாலேயே செலவழித்ததால் வருவது. உங்களிடம் இருப்பதில் மிகச் சிறந்த மூன்று சீட்டுகளை எடுத்து, ஒன்றை முதல் பகுதிக்கும் இரண்டைக் கடைசி இரண்டு பகுதிக்கும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு பேர் சொல்வது ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது. எதை எழுதுவது?

இரண்டையும். யார் எங்கே நின்று சொல்கிறார் என்பதையும் சேர்த்து. மேல்மடைக்காரர் 'தண்ணி எல்லாருக்கும் போச்சு' என்பதும் கடைமடைக்காரர் 'எங்களுக்கு வந்ததே இல்ல' என்பதும் அவரவர் வரப்பில் நின்று பார்த்தது. ஆவணம் இருந்தால் மூன்றாவதாக வையுங்கள். ஆக்கிரமிப்பு போன்ற விஷயத்தில் வாய்ப்பேச்சை மட்டும் வைத்து ஆளைக் குறிப்பிடவே கூடாது. புல எண்ணும் பதிவேடும் சொல்வது எதுவோ அதோடு நில்லுங்கள்.

மொத்தம் எத்தனை நாள் பிடிக்கும்?

வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறவருக்கு 24 வாரம். களமும் ஆவணமும் 10, சீட்டு அடுக்க 2, முதல் வரைவு 8 (வாரம் ஒரு பகுதி), திருத்தம் 4. வாரத்துக்கு 2,500 சொல் என்றால் ஐந்து நாள், நாளுக்கு 500. அடுக்கும் இரண்டு வாரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் திருத்தத்தில் இரண்டு மாதமாகத் திரும்பக் கட்டுவீர்கள். வறட்சி, மழை இரண்டிலும் கண்மாயைப் பார்க்க வேண்டியிருப்பதால் மே மாதத்தில் தொடங்குவது வசதி. ஜூலைக்குள் அடுக்கி, மழைப் பகுதிகளுக்கு இடம் விட்டு எழுதிக்கொண்டே வந்து, திருத்தத்தை நவம்பருக்குத் தள்ளிவைத்து அப்போது பார்த்ததைச் சேர்க்கலாம்; இடையில் காத்திருக்கும் வாரங்கள் இந்த 24-இல் சேராது.

கணினியில் எழுதலாமா, கையால் எழுதலாமா?

எதுவானாலும் சரி. கணினி என்றால் யூனிகோடு எழுத்துருவில் எழுதுங்கள், பகுதித் தலைப்புகளுக்குத் தலைப்பு வடிவம் கொடுங்கள். கூகுள் டாக்ஸில் ஓரத்தில் பட்டியலாகத் தெரியும். பேட்டி ஒலிப்பதிவுகளைச் செல்பேசியில் மட்டும் வைக்காமல் அன்றைக்கே வேறோர் இடத்திலும் நகல் எடுத்து, கோப்புக்குத் தேதியையும் தெருவையும் பெயராக வையுங்கள்.

எப்போது திட்டமிடுவதை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கலாம்?

புதிதாக எழுதும் சீட்டுகள் பழைய சீட்டில் இருப்பதையே சொல்லத் தொடங்கும்போது. அடுத்தடுத்து மூன்று பேரிடம் பேசியும் புதிதாக ஒரு சீட்டுக்கூட எழுத வேண்டியிருக்கவில்லை என்றால் தேடுவதை நிறுத்தலாம். எட்டு வாக்கியத்தையும் தாளைப் பார்க்காமல், கண்மாய் பற்றித் தெரியாத ஒருவருக்குப் பத்து நிமிஷத்தில் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே குறுக்கே கேட்கிறாரோ அங்கே ஒரு சீட்டு குறைகிறது.

முதல் நாள் முதல் பகுதியை எழுத வேண்டாம். முன்னுரையைத் தொடவே வேண்டாம். எந்தக் கட்டு கனமாக இருக்கிறதோ, பெரும்பாலும் அது மடையாகத்தான் இருக்கும், அதை எடுத்து மேல் சீட்டிலிருந்து தொடங்குங்கள்.